சினிமா இல்லாத ஊரில் பாடகியாவது

பிரியா ராகு என்று ஒரு பாடகி இருக்கிறார். தமிழ் சினிமாவில் பின்னணி பாடிப் பேர் வாங்கியவர் அல்ல. டிவி போட்டி மேடையில் நின்று ஓட்டுக் கேட்டவர் அல்ல. டிசம்பர் சீசன் சபாக்களிலிருந்து வந்தவரும் அல்ல. சுவிட்சர்லாந்தின் சென் காலனில் பிறந்து வளர்ந்த ஈழத்துப் பெண். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, பார்த்துக்கொண்டிருந்த வேலையோடு சேர்த்துப் பாட்டும் எழுதி, லண்டனில் வார்னர் என்ற பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனவர். 2021ல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பின் பெயரிலேயே ‘தமிழ்’ இருக்கிறது: ‘டேம் ஷீஸ் தமிழ்’. 2023ல் வந்த ஆல்பத்தின் பெயர் ‘சந்தோஷம்’.

எனக்கு இந்தப் பெண்ணின் கதைமேல் ஏன் இவ்வளவு ஈர்ப்பு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மதுரை ஆரப்பாளையத்துக்காரன். கல்யாண மகால்களிலும், ஆடி மாசத்துக் கோயில் பொங்கல்களிலும் இன்னிசைக் குழுக்களோடு கீபோர்டு வாசிக்கிறவன். எங்கள் குழுக்களில் பாடுகிற பிள்ளைகளின் குரலைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சுதி பிசகாமல், மூச்சு முட்டாமல், ஒரே ராத்திரியில் பி.சுசீலாவாகவும் ஜானகியாகவும் ஸ்வர்ணலதாவாகவும் மாறுகிற பிள்ளைகள். கைதட்டல் வாங்குவார்கள், பேசிய காசு வாங்குவார்கள், விடியற்காலையில் வேனில் தூங்கி வீடு போய்ச் சேருவார்கள். தங்கள் குரலில் தங்களுடைய பாட்டு என்று ஒன்று அவர்களில் பெரும்பாலானவர்களிடம் இல்லை. இந்தக் குறை எனக்குள் நெடுநாளாக இருக்கிறது. பிரியா ராகுவின் கதையை நான் படித்ததெல்லாம் அந்தக் குறையோடுதான்.

1980களின் தொடக்கத்தில், இலங்கையில் கலவரமும் போரும் மூண்ட காலத்தில், யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து கிளம்பிய பல குடும்பங்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. பெர்ன், சூரிச், பாசல், சென் காலன் என்று பிரிந்து குடியேறினார்கள். ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுவதிலும், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையிலும்தான் பெரும்பாலானவர்களின் வாழ்க்கை தொடங்கியது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அவர்கள் செய்தது மூன்று காரியம்: பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், வாடகைக் கட்டிடத்தில் ஒரு கோயில், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் பாட ஒரு இசைக்குழு.

பிரியாவின் அப்பா அப்படி ஒரு குழு வைத்திருந்தார். வீட்டுப் பிள்ளைகளே அதில் கலைஞர்கள். சகோதரர் கீபோர்டு, பிரியா பாட்டு. ஊர்க்காரர்கள் கூடுகிற விசேஷங்களில் தமிழ் சினிமாப் பாட்டுகளைப் பாடுவார்கள். பத்து வயதுப் பிள்ளை, மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது மைக்கைப் பிடித்துப் பாடுகிறது. இதைப் படித்தபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். சென் காலன் என்றாலும், செல்லூர் என்றாலும், மண்டபத்து மேடை ஒன்றுதான். மானிட்டர் சரியாகக் கேட்காது. பந்தியில் இருப்பவர்கள் மேடையைப் பார்க்க மாட்டார்கள். ஒரு பெரியவர் துண்டுச் சீட்டில் எழுதி விருப்பப் பாட்டு அனுப்புவார். அதற்கு நடுவில் நின்று தன் குரலைத் தானே கேட்டுப் பாடப் பழகுகிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. பயம் தெளிவது அங்கேதான்.

வீட்டில் தமிழ்ப் பாட்டுக்குத்தான் அனுமதி. மேற்கத்தியப் பாட்டு, அதிலும் இரவு விடுதிகளில் பாடுவது, பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அறைக்குள் லாரின் ஹில், ஸ்டீவி வொண்டர், பிராண்டி என்று கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகளைக் கேட்டுக் குரலைப் பழக்கிக்கொண்டார். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரையும் உறவையும் விட்டுவிட்டு வந்தவர்கள், கையில் மிச்சமிருந்த ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிடிதான் பிற்பாடு மகளின் பாட்டில் தமிழாக வந்தது.

படிப்பு முடிந்து வேலைக்குப் போனார். சுவிஸ் விமான நிறுவனத்தில், விமானத்துக்கு வேண்டிய உதிரிபாகங்கள் கொள்முதல் செய்கிற பிரிவில் வேலை. நல்ல சம்பளம், நிலையான வேலை. எந்தத் தமிழ்ப் பெற்றோரும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வேலை. 2017ல் சில மாதங்கள் நியூயார்க் போய்த் தங்கினார். பாட்டு எழுத வேண்டும் என்ற ஒரே நோக்கம்தான். சகோதரர் சுவிட்சர்லாந்தில் இருந்தபடி இசை செய்து அனுப்ப, இவர் அங்கிருந்து வரியும் மெட்டும் போட்டு அனுப்ப, ஒவ்வொன்றாகப் பாட்டு சேர்ந்தது. சகோதரர் ‘ஜாஃப்னா கோல்ட்’ என்ற பெயரில் இசையமைக்கிறார். ஊர் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்ட மனிதர். அப்பாவின் குழுவில் கீபோர்டு வாசித்த அதே கை.

திரும்பி வந்து மறுபடியும் வேலைக்குப் போனார். இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேலையை உதறிவிட்டுக் கனவைத் துரத்தினார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. சம்பளம்தான் ஸ்டுடியோவுக்கும் வீடியோவுக்கும் காசு கொடுத்தது. பாட்டுகளைத் தாங்களே வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றான ‘குட் லவ் 2.0’ 2020ல் வானொலிக்காரர்களின் காதில் விழுந்தது. ஃபிஃபா 21 வீடியோ கேமில் இடம்பெற்று, அவர் பெயரே தெரியாத பையன்கள் உலகமெங்கும் கால்பந்து விளையாடிக்கொண்டே அதைக் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் லண்டன் ஒப்பந்தம்.

பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலம். நடுவில் தமிழ் வரும். ‘சிக்கன் லெமன் ரைஸ்’ என்று ஒரு பாட்டு. தாளம் நம்முடையது, குரலின் வளைவு ஆர் அண்ட் பி. ‘ஆடலாம் வா’ என்று தமிழிலேயே தலைப்பு வைத்த பாட்டும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ‘கமலி’. மாமல்லபுரம் மீனவக் குப்பத்தில் ஸ்கேட்டிங் பலகையில் பறக்கிற ஒரு சிறுமியையும் அவள் அம்மாவையும் பற்றி சாஷா ரெயின்போ என்பவர் எடுத்த குறும்படத்தின் பெயரும் ‘கமலி’தான், பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையான படம். அதைப் பார்த்துவிட்டு எழுதிய பாட்டு இது. சென் காலனில் பிறந்தவர் மாமல்லபுரத்துப் பிள்ளையைப் பார்த்து, தன் கட்டுப்பாடுகளை நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். இங்கே பக்கத்தில் இருக்கிற நம் பாடலாசிரியர்கள் யாருக்கும் அந்தப் பிள்ளை கண்ணில் படவில்லையே என்று எனக்கு வருத்தம்தான்.

எனக்கு அண்ணன் மகள் ஒருத்தி இருக்கிறாள். எங்கள் குழுவில் சில சமயம் பாடுவாள். அவளுக்கு இந்தப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினேன்.

“சித்தப்பா, இவுங்க எந்தப் படத்துல பாடியிருக்காங்க?”

“படத்துல பாடிப் பேர் வாங்கலம்மா. அவுங்களே எழுதி, அவுங்களே பாடுனது.”

“அப்பறம் எப்புடி வெளிய தெரிஞ்சாங்க?”

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. சினிமா வழியாக இல்லாமல் ஒரு தமிழ்ப் பாடகி வெளியே தெரிய முடியும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. அவள் கேட்டதில் தப்பே இல்லை. மதுரையில் வளர்கிற பிள்ளைக்கு அந்தச் சந்தேகம்தான் வரும்.

சென் காலனில் சினிமா இல்லை. அதாவது, தமிழ் சினிமாப் பாட்டு கேசட்டில் வந்தது. தமிழ் சினிமா என்ற தொழில் அங்கே இல்லை. சான்ஸ் கேட்டு நிற்க ஒரு வாசல் இல்லை. ‘நல்லா பாடுற, மெட்ராஸ் போ’ என்று சொல்ல ஆள் இல்லை. வாய்ப்பு கொடுக்க இசையமைப்பாளர் இல்லாததால் அண்ணன் தங்கை இருவரும் தாங்களே இசையமைப்பாளர் ஆனார்கள். இதுதான் என் எண்ணத்தின் மையம். நமக்கு வரமாக இருக்கிற சினிமாவே ஒரு விதத்தில் நம் பிள்ளைகளின் சொந்தக் குரலுக்கு மேல் மூடியாகவும் இருக்கிறது.

ஐரோப்பாவில் இதே வழியில் வந்த இன்னொரு இனத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொசோவோ அல்பேனியர்கள். யூகோஸ்லாவியா உடைந்த 1990களில் அவர்களும் கூட்டம் கூட்டமாக சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் போனார்கள். சுவிஸ் நகரங்களின் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளையும் அல்பேனியப் பிள்ளையும் ஒரே வகுப்பில் படித்து வளர்ந்தார்கள். ரீட்டா ஓரா 1990ல் பிரிஸ்டினாவில் பிறந்து, கைக்குழந்தையாக லண்டனுக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர். துவா லிப்பாவின் பெற்றோர் 1992ல் பிரிஸ்டினாவை விட்டு லண்டன் போனார்கள். 1995ல் அவர் அங்கே பிறந்தார்.

துவா லிப்பாவின் அப்பா டுகாஜின், ஊரில் ‘ஓடா’ என்ற ராக் குழுவில் பாடியவர். இங்கேயும் ஒரு அப்பா, ஒரு குழு! 2008ல் கொசோவோ சுதந்திரம் அறிவித்த அந்த வருஷம் குடும்பம் ஊர் திரும்பியது. பாட வேண்டும் என்றால் லண்டனில் இருக்க வேண்டும் என்று, பதினைந்து வயதில் அந்தப் பெண் தனியாகத் திரும்பி வந்தார். யூடியூபில் மற்றவர்கள் பாட்டைப் பாடிப் போட்டுத்தான் தொடங்கினார். 2019ல் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமி வாங்கினார். 2018ல் அப்பாவும் மகளும் சேர்ந்து பிரிஸ்டினாவில் ‘சன்னி ஹில்’ என்ற இசைத் திருவிழாவைத் தொடங்கினார்கள். இருபது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டுக்கு உலகப் பாடகர்களை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். வெளியே போய்ப் பேர் வாங்கியவர், ஊரிலேயே ஒரு மேடை கட்டிக் கொடுத்ததுதான் எனக்கு அதில் பெரிதாகத் தெரிகிறது. நம்மிடம் அது இன்னும் நடக்கவில்லை.

குடும்பக் குழுவிலிருந்து உலகத்துக்குப் போவது நமக்குத் தெரியாததா? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கம்பம் பஸ் ஏறினால் போய்ச் சேருகிற சீமைதான் பண்ணைப்புரம். அன்றைக்கு அது மதுரை மாவட்டம். பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு, தம்பிகளைக் கூட்டிக்கொண்டு, கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினார். சினிமா மெட்டில் கட்சிப் பாட்டு, நாட்டுப்புற மெட்டில் கூலி வேலைக்காரன் பாட்டு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நடுவே அவர் பாடிய பாட்டு ஓட்டாக விழுந்ததை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் குழுவில் வளர்ந்த தம்பிதான் இளையராஜா. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில், ராயல் ஃபில்ஹார்மோனிக் கச்சேரி இசைக்குழு அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனியை வாசித்தது.

ஆனால் அந்தத் தம்பிகள் பண்ணைப்புரத்திலிருந்து நேராக லண்டனுக்குப் போகவில்லை. நடுவில் கோடம்பாக்கம் இருந்தது. பாவலர் பாடிய பாட்டுகளுக்கு ஒலிப்பதிவுத் தட்டு வெளியிட அன்றைக்கு ஒரு நிறுவனம் வந்திருந்தால், அவர் பேரிலேயே ஒரு இசை மரபு நின்றிருக்கும். 1973ல் அவர் காலமானார். அவர் குரல் நம்மிடம் இல்லை என்பது இந்தச் சீமைக்கே பெரிய இழப்பு.

சினிமா வழியாக வராத இன்னொருவர் மாதங்கி அருள்பிரகாசம். ‘எம்.ஐ.ஏ’ என்றால் உலகத்துக்குத் தெரியும். பிரியா ராகுவுக்கு முன்னாலேயே காட்டை வெட்டிப் பாதை போட்டவர். 1975ல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டு செல்லப்பட்டார். அப்பா அருளர், ஈழப் போராட்ட இயக்கத்தில் இருந்தவர். போரின் நடுவே இடம் மாறி மாறி, சென்னையிலும் கொஞ்ச காலம் வறுமையில் இருந்து, 1986ல் அம்மாவோடு அகதியாக லண்டன் திரும்பினார். அம்மா கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மாதங்கி ஓவியமும் சினிமாவும் படித்தார், பிறகு பாட்டுக்கு வந்தார். முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், ‘அருளர்’, 2005. இரண்டாவதற்கு அம்மா பெயர், ‘கலா’, 2007. மீனாட்சியை மாதங்கியின் வடிவமாகக் கும்பிடுகிற ஊரில் இருந்துகொண்டு, 2013ல் அவர் தன் ஆல்பத்துக்கு ‘மாதங்கி’ என்று பெயர் வைத்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

‘கலா’ உருவான விதம் நமக்கு முக்கியம். 2006ல் அமெரிக்கா அவருக்கு விசா தரவில்லை. அங்கே பெரிய தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய ஆல்பம் நின்றுபோனது. அவர் கிளம்பி டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றினார். சென்னைக்கும் வந்தார். ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டுடியோவில் நம் தாளக் கலைஞர்களை உட்கார வைத்துப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய பாட்டுகளை நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். உறுமி கேட்கும்.

உறுமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் தோல், இடை சிறுத்த மரக்கட்டை. வலப்பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். இடப்பக்கத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல் பிறக்கிறது. ராஜகம்பளத்து நாயக்கமார் தேவராட்டத்துக்கு இதுதான் தாளம். கருப்பசாமி இறங்குவதும் இதற்குத்தான். கரகாட்டத்து நையாண்டி மேளத்தில் தவிலுக்கும் பம்பைக்கும் நடுவே இது ஓடிக்கொண்டே இருக்கும். புட்டுத்தோப்பில் ஆவணி மாசம் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழா நடக்கும்போது சுவாமியோடு வருகிற மேளமெல்லாம் கேட்டு வளர்ந்த எனக்கு, உறுமி எப்போதும் தெருவின் சத்தம். மேடையில் அதற்கு இரண்டாம் இடம்கூடக் கிடைக்காது. கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் உறுமி மாதிரி ஒன்று கேட்கும், அது போதும் என்று எங்கள் குழுக்களே விட்டுவிட்டன. மாதங்கி அதைப் பாட்டின் முதுகெலும்பாக நிறுத்தினார். லண்டன் கிளப்களில் இளைஞர்கள் அதற்கு ஆடினார்கள். நம்முடைய சத்தத்தின் மதிப்பை, அகதியாகப் போன பிள்ளை வந்து நமக்குக் காட்டியிருக்கிறாள்.

அந்த ஆல்பத்தில் இருந்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008ல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. விசா கேட்டு நிற்கிறவர்களை உலகம் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் அந்தப் பாட்டு. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்கு ரஹ்மானோடு சேர்ந்து செய்த ‘ஓ சாயா’ ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 2009 பிப்ரவரி கிராமி விழாவில் நிறைமாதக் கர்ப்பிணியாக மேடையேறிப் பாடினார். அதே வாரங்களில் வன்னியில் போர் அதன் கடைசி மாதங்களில் இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிடைத்த நேரத்தையெல்லாம் அவர் அதைப் பற்றிப் பேசவே பயன்படுத்தினார். வசவும் வாங்கினார். 2019ல் பிரிட்டன் அரசு அவருக்குப் பட்டமும் பதக்கமும் அறிவித்தது. அந்த வகைப் பதக்கங்களைத் தைக்கிற வேலைதான் தன் அம்மா செய்தது என்று அவர் சொன்னார்.

அவருடைய அரசியல் கருத்துகள் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்பவன் அல்ல. அண்மை வருஷங்களில் அவர் சொன்ன பலவற்றில் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்காக ‘கலா’வின் இடம் குறையாது.

மாதங்கியைப் போலவே அகதியானவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். வைகைக்கு அந்தப் பக்கம், ஆனையூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் இருக்கிறது. 2021ல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று அரசு பெயர் மாற்றியது. ஒரே கடலைத் தாண்டியவர்கள்தான். லண்டனுக்குப் போன பிள்ளைக்கு அரசு வீடும், கலைக் கல்லூரியும், நாட்டின் கடவுச்சீட்டும் கிடைத்தன. ஆனையூரில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் கடவுச்சீட்டே இல்லை. அங்கேயும் பாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். திறமை எல்லா இடத்திலும் பிறக்கிறது. காகிதம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. வெளிநாட்டில் ஒரு தமிழ்ப் பாடகி ஜெயித்தார் என்று நாம் பெருமைப்படும்போது இந்தப் பிள்ளைகளின் முகமும் நமக்குத் தெரிய வேண்டும்.

மலேசியாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தனிப் பதிவுக்கான விஷயம். பினாங்கில் ஆறுமுகம் சகோதரர்கள், லோகநாதனும் டேவிட்டும், ‘ஆலிகேட்ஸ்’ குழுவில் மலாய் மொழியில் பாடி நாட்டின் செல்லப் பாடகர்களாக இருந்தார்கள். அடுத்த தலைமுறையில் யோகி பி, நட்சத்ரா குழு, 2006ல் ‘வல்லவன்’ என்று ஒரு தமிழ் ராப் ஆல்பம் போட்டார்கள். மதுரையில் அன்றைக்கு ஷேர் ஆட்டோக்களில் எல்லாம் அது ஓடியது. தமிழில் ராப் எழுதலாம் என்று இங்கே பல பையன்களுக்குத் தைரியம் கொடுத்தது அந்த ஆல்பம். மலேசியாவுக்கு அப்பால், லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சுசீலா ராமன், நம் முருகன் பாட்டுகளை ராக் இசையோடு பாடியதையும் தேடிக் கேளுங்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பாடுகிற அந்த வேகம் அதில் இருக்கிறது.

இனி காசு விஷயம். இதைப் பேசாமல் பாடகர் வாழ்க்கையைப் பேசுவது நியாயமில்லை.

2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஈழத்துப் பெண் தீ, அரக்கோணத்து அறிவு, இசை சந்தோஷ் நாராயணன். சினிமா இல்லாத ஒரு தமிழ்ப் பாட்டு நாடு முழுக்கப் பரவியது அதற்கு முன் எப்போது நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு அதை எழுதினார். வெளியிட்டது ‘மாஜா’ என்ற புதிய நிறுவனம். கனடாத் தமிழர்கள் தொடங்கியது, ரஹ்மானும் துணை நின்றார். அந்த ஆகஸ்டில் ஒரு பத்திரிகை அட்டையில் அறிவின் படம் இல்லாமல் போனது பெரிய சர்ச்சை ஆனது. 2024 மார்ச்சில், பாட்டு வந்து மூன்று வருஷம் ஆனபோது, அதிலிருந்து தனக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனம் அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டுக்கே கணக்கு இப்படிச் சிக்குமானால், புதுப் பிள்ளை ஒருத்தி கையெழுத்துப் போடும் முன்னால் எவ்வளவு படித்துப் பார்க்க வேண்டும்!

பிரியா ராகு மாதிரி ஒருவருக்கு ஐரோப்பாவில் என்ன துணை இருக்கிறது? வானொலியில் பாட்டு ஓடினால் அதற்குக் காசு வசூலித்து எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் கொடுக்க சுவிட்சர்லாந்தில் சுய்சா என்ற அமைப்பு இருக்கிறது, பிரிட்டனில் பி.ஆர்.எஸ். இருக்கிறது. சின்ன அரங்குகளில் சொந்தப் பாட்டு பாடுகிற கச்சேரிக்கு டிக்கெட் எடுத்து வருகிற பழக்கம் இருக்கிறது. நமக்கும் சட்டம் உண்டு. 2012 காப்புரிமைத் திருத்தத்தின்படி பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது, ஐ.பி.ஆர்.எஸ். அதை வசூலிக்கிறது. பாடகர்களுக்கென்றும் தனிச் சங்கம் தொடங்கினார்கள். இதெல்லாம் சென்னையில் தெரியும். கோயில் பொங்கலில் பாடுகிற பிள்ளைக்குத் தெரியாது. தான் எழுதிய ஒரு பாட்டை யூடியூபில் போடும்போது அது யார் பெயரில் பதிவாகிறது என்றுகூடக் கேட்காமல், ரெக்கார்டிங் ஸ்டுடியோக்காரர் சொன்ன சேனலில் போட்டுவிடுகிறார்கள். பாட்டு நாலு பேருக்குத் தெரிய வந்த பிறகு சேனல்காரர் பெயரில்தான் எல்லாம் இருக்கும்.

ஆகையால் அண்ணன் மகளுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். கச்சேரியில் பாடு, விடாதே. காசும் வேண்டும், பழக்கமும் வேண்டும். படிப்பை முடி, வேலைக்குப் போ. ஆனால் மாசத்துக்கு ஒரு பாட்டாவது உன் வாயிலிருந்து வந்த வார்த்தையில் எழுது. மதுரைப் பேச்சிலேயே எழுது. நான் கீபோர்டில் இசை போடுகிறேன். நையாண்டி மேளத்துக்காரர் ஒருவரைப் பிடித்து உண்மையான உறுமியைப் பதிவு செய்வோம். அவருக்கு அன்றைய கச்சேரிச் சம்பளத்தையும் கொடுத்து, பாட்டில் அவர் பெயரையும் போடுவோம். உன் பெயரில், உன் ஈமெயிலில், உன் வங்கிக் கணக்கில் பதிவு செய்வோம்.

“யாரு கேப்பாங்க சித்தப்பா?” என்றாள்.

“மொதல்ல நம்ம தெரு கேக்கட்டும்மா,” என்றேன். முதல் பாட்டு பாதி எழுதிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பூ விற்கிற அக்காவைப் பற்றி. சரணத்தில் ஓரிடம் இன்னும் உட்காரவில்லை, மெட்டை மாற்றிப் பார்க்கிறோம்.

நீங்கள் இந்தப் பாட்டுகளை முதல் முறையாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால் என் யோசனை: ‘கமலி’யில் தொடங்குங்கள். அடுத்து ‘குட் லவ் 2.0’. பிறகு ‘பேர்ட் ஃப்ளூ’வை ஹெட்போனில் அல்ல, வீட்டு ஸ்பீக்கரில் சத்தமாக வையுங்கள். அதன் பின் ‘சந்தோஷம்’ ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில். வீட்டில் பாடுகிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.